முதலில் வந்தவனுக்குப் பரிசு இல்லையா? நெடுந்தூரக் குதிரைச் சவாரியில் கடிகாரம் எங்கே நிற்கிறது?

சந்தூர் மாந்தோப்பு

எல்லோருக்கும் வணக்கம். ஓசூர் பக்கம் போன மாதம் நடந்த 40 கிலோமீட்டர் சவாரிப் போட்டிக்குப் போயிருந்தேன். யார் நடத்தினார்கள் என்பது வேண்டாம், அவர்கள் மேல் புகாரும் இல்லை. எனக்குக் கணக்குப் புரியவில்லை, அதற்குத்தான் இந்த இழை.

என் குதிரை செவலை, ஏழு வயதுப் பெட்டை. இரண்டு வருடம் முன்னால் ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் பிடித்தது. போட்டி 20, 20 என்று இரண்டு சுற்று. காலை 6 மணிக்கு விட்டார்கள். முதல் சுற்றை 7:20க்கு முடித்து வந்தேன். பின்னால் ஒரு கறுப்புக் குதிரைக்காரர், 7:25. நடுவில் 40 நிமிடம் ஓய்வு. ஆனால் இரண்டாம் சுற்றுக்கு அவரை 8:08க்கே விட்டுவிட்டார்கள். என்னை விட்டது 8:14க்கு. ஐந்து நிமிடம் முந்தி வந்தவன் ஆறு நிமிடம் பிந்திக் கிளம்புகிறேன்!

சரி, பிடித்துவிடலாம் என்று விரட்டினேன். கடைசி ஒரு கிலோமீட்டர் நாலுகால் பாய்ச்சல். 9:26க்குக் கோட்டைத் தாண்டினேன், கறுப்பு 9:28. கூட வந்த பையன்கள் விசிலடித்தார்கள். அதற்கப்புறம் இருபது நிமிடம் தண்ணீர் ஊற்றினோம், விசிறினோம், என்னென்னமோ செய்தோம். ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு "68" என்று சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். தகுதி நீக்கம். இரண்டாம் இடம், மூன்றாம் இடம் என்றுகூட இல்லை. பட்டியலிலேயே பெயர் இல்லை.

எங்கள் பக்கம் எருது விடும் விழாவில் கோட்டுக்குக் கோடு எத்தனை வினாடி, அவ்வளவுதான் கேள்வி. இங்கே எந்தக் கோடு, எந்தக் கடிகாரம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

எருது ரசிகன், பர்கூர்

மாட்டுக்கு வினாடி, குதிரைக்கு நாடி. என்னமோ போங்கள்.

---

தளி சாலை

தம்பி, விளையாட்டாகச் சொன்னாலும் அவர் சொன்னதுதான் விஷயம்.

நீ 7:20க்கு வந்தது உண்மை. ஆனால் சுற்று முடிந்ததாகக் கணக்கு வைப்பது அப்போது இல்லை. குதிரையின் நாடி நிமிடத்துக்கு 64 அல்லது அதற்குக் கீழே இறங்கி, வெட் கேட்டில், அதாவது கால்நடை மருத்துவர் சோதிக்கும் இடத்தில், கொண்டுபோய்க் காட்டித் தேறுகிற நிமிடம்தான் கணக்கு. அதுவரை உன் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 40 நிமிட ஓய்வும் அங்கிருந்துதான் தொடங்கும். இப்போது திருப்பிப் போட்டுப் பார். 8:14க்கு விட்டார்கள் என்றால் 7:34க்குத்தான் உன் குதிரை தேறியிருக்கிறது. பதினாலு நிமிடம் எடுத்திருக்கிறாய். அவர் குதிரை 7:28க்கே தேறிவிட்டது, மூன்றே நிமிடம். உன் முதல் சுற்று 94 நிமிடம், அவருடையது 88.

இன்னொன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். முதல் தடவை காட்டியபோது தேறவில்லையா?

---

சந்தூர் மாந்தோப்பு

ஆமாம் அண்ணா. ஒன்பதாவது நிமிடம் கொண்டுபோனேன், 66 என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு தடவைதான் காட்டலாம், 15 நிமிடத்துக்குள் காட்டு என்றார்கள். பதினாலாவது நிமிடம் 62 வந்தது.

---

தளி சாலை

அதேதான். பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ. விதியும் இந்த அமைப்பில்தான் இருக்கிறது. இடைச் சுற்றுகளில் இரண்டு தடவை காட்டலாம், கடைசியில் ஒரே தடவைதான். ஒரு வித்தியாசத்தைக் கவனி. கடைசிச் சுற்றில் மட்டும் நேரம் கோட்டிலேயே நின்றுவிடும். 9:26 என்பது 9:26தான். உன் மொத்தச் சவாரி நேரம் 94-ம் 72-ம் சேர்ந்து 166 நிமிடம், அவருக்கு 168. அதாவது நேரக் கணக்கில் நீதான் ஜெயித்தாய். ஆனால் அந்த நேரம் செல்ல வேண்டுமென்றால் குதிரை பரிசோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் நேரமே இல்லை.

இந்த இடத்தில்தான் புதிதாக வருகிற எல்லோரும் விழுகிறார்கள். நானும் விழுந்தவன்தான். அனுபவப்பட்டவர்கள் கேட்டுக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே இறங்கிவிடுவார்கள். சேணப் பட்டையை இரண்டு துளை தளர்த்தி, தலையைத் தாழவிட்டு, பேசிக்கொண்டே நடத்திக் கூட்டி வருவார்கள். பார்ப்பவனுக்குச் சோம்பேறித்தனமாகத் தெரியும். நடந்ததில் மூன்று நிமிடம் போகும், நாடியில் பத்து நிமிடம் மிச்சமாகும்.

---

ஸ்டெதாஸ்கோப், தேன்கனிக்கோட்டை

கால்நடை மருத்துவர் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன்.

சும்மா நிற்கிற வளர்ந்த குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். ஓடும்போது 150, 200 என்று ஏறுவதில் தப்பே இல்லை. நாங்கள் பார்ப்பது எவ்வளவு ஏறியது என்பதை அல்ல, எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதை. உடம்பில் நீர் வற்றியிருந்தாலும், சூடு அடங்காவிட்டாலும், எங்கேயாவது வலி இருந்தாலும் இறங்காது. குதிரை வாய் திறந்து "வலிக்கிறது" என்று சொல்லாது, நாடி சொல்லிவிடும்.

நாடியோடு வேலை முடிவதில்லை. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிய வேண்டும். விலாவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மேலும் கீழும் காது வைத்துக் கேட்போம், குடல் சத்தம் வர வேண்டும். குடல் அமைதியாக இருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கடைசியாகக் கெட்டித் தரையில் கையில் பிடித்து ட்ராட் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவான ஓட்டம்) ஓட்டிக்காட்டச் சொல்வோம், நொண்டல் தெரிகிறதா என்று. எத்தனையோ குதிரைகள் நாடியில் தேறி இதில் மாட்டிக்கொள்ளும்.

ரிட்ஜ்வே சோதனை என்று ஒன்றும் உண்டு. முதலில் நாடி எண்ணுவோம். பிறகு 40 மீட்டர் போய் 40 மீட்டர் திரும்ப ட்ராட். ஓட ஆரம்பித்ததிலிருந்து சரியாக ஒரு நிமிடத்தில் மறுபடி எண்ணுவோம். முதல் எண்ணும் இரண்டாவதும் சமமாகவோ, இரண்டாவது குறைவாகவோ இருந்தால் குதிரையிடம் இன்னும் சரக்கு இருக்கிறது. இரண்டாவது எண் கணிசமாக ஏறினால் உரிமையாளர் எவ்வளவு சிரித்துப் பேசினாலும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

தம்பி, அந்த 68 எப்படி எண்ணினார்கள்? 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினார்களா?

---

சந்தூர் மாந்தோப்பு

இல்லை டாக்டரம்மா, முழு நிமிடமும் எண்ணினார்கள். நானும் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

---

ஸ்டெதாஸ்கோப், தேன்கனிக்கோட்டை

அப்படியென்றால் சண்டைக்கு வழியே இல்லை. 15 வினாடியில் 16 என்றால் 64, 17 என்றால் 68. ஒரே ஒரு துடிப்பில் நாலு தள்ளிவிடும். எல்லையில் நிற்கும்போது முழு நிமிடம் எண்ணுவதுதான் நியாயம். அவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

---

எருது ரசிகன், பர்கூர்

இதெல்லாம் சரி. ஆனால் இது பந்தயமா, ஆஸ்பத்திரியா? காசு கட்டி, லாரி பிடித்துக் குதிரையைக் கொண்டுபோய், ஓட்டி ஜெயித்து, கடைசியில் ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு வருவதா?

---

மத்திகிரிப் பெருசு

தம்பி பர்கூர், இந்தக் கேள்விக்கு 1892-லேயே பதில் எழுதிவிட்டார்கள், ரத்தத்தில்.

எங்கள் ஊர் மத்திகிரிப் பண்ணை 1824-ல் ஆரம்பித்தது. ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத்தான் அது வந்தது. மாடும் கோழியும் பிற்பாடு. என் தாத்தா அங்கே லாயத்தில் வேலை பார்த்தவர். ராணுவக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரே கேள்விதான், ஒரு குதிரை எவ்வளவு தூரம் போகும்? அதைச் சோதிக்க 1892 அக்டோபரில் ஐரோப்பாவில் ஒரு பெரிய போட்டி வைத்தார்கள். ஜெர்மன் அதிகாரிகள் பெர்லினிலிருந்து வியன்னாவுக்கு, ஆஸ்திரிய, ஹங்கேரிய அதிகாரிகள் வியன்னாவிலிருந்து பெர்லினுக்கு. 550 கிலோமீட்டருக்கு மேல். கோட்டுக்குக் கோடு நேரம் மட்டும்தான் கணக்கு, நம் பர்கூர்த் தம்பி கேட்கிற மாதிரியே. ஸ்டார்ஹெம்பெர்க் என்கிற ஆஸ்திரியப் பிரபு 71 மணி 26 நிமிடத்தில் வந்து ஜெயித்தார். ஜெயித்த குதிரை செத்துப்போனது. அது மட்டுமில்லை, வழி நெடுக நிறையக் குதிரைகள் செத்தன. ஐரோப்பா முழுக்கப் பத்திரிகைகள் காறித் துப்பின.

கோட்டில் கடிகாரத்தை நிறுத்தினால் குதிரையும் அங்கேயே நிற்கும். அதனால்தான் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரை உட்கார வைத்தார்கள்.

---

எருது ரசிகன், பர்கூர்

பெருசு, கும்பிடுகிறேன். வாயை மூடிக்கொள்கிறேன். (கொஞ்ச நேரத்துக்கு.)

---

சந்தூர் மாந்தோப்பு

எல்லா நாட்டிலும் இதே கணக்குத்தானா? கோட்டில் நேரம், அப்புறம் டாக்டர்?

---

தளி சாலை

இல்லை. அமெரிக்காவில் 1972-ல் தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது, "முடித்தாலே வெற்றி" என்பதுதான் அவர்கள் முழக்கம். 50 மைலும் அதற்கு மேலும் ஓடுவதைத்தான் முழு எண்டியூரன்ஸ் (நெடுந்தூரச் சவாரி) என்பார்கள். அங்கே நேரம் கோட்டில் நிற்கும். 25 முதல் 35 மைல் வரை உள்ள குறுந்தூரப் பிரிவில் கோட்டுக்கு மதிப்பே இல்லை. நாடி 60-க்கு இறங்கிய நிமிடம்தான் உன் முடிவு நேரம், அதுவும் அரை மணிக்குள் இறங்க வேண்டும். உன் 40 கிலோமீட்டர் அந்த வகைதான். அங்கே போயிருந்தால் நீ பாய்ந்து வந்த கடைசி கிலோமீட்டர் உனக்கே எதிராகத் திரும்பியிருக்கும். என்னைக் கேட்டால் புதியவர்களுக்கு அந்த விதிதான் நல்லது. கோட்டைப் பார்த்ததும் கை லகானைத் தளர்த்தாமல் இருக்காது, மனித புத்தி அது.

நேர வரம்பும் உண்டு. 50 மைலுக்கு 12 மணி நேரம், 100 மைலுக்கு 24, ஓய்வும் அதற்குள்ளேயே. டெவிஸ் கப் என்று கலிஃபோர்னியாவில் 1955 முதல் நடக்கிற 100 மைல் போட்டி. விடிகாலை 5:15க்குக் கிளம்பினால் மறுநாள் 5:15க்குள் வர வேண்டும். குதிரை நல்லபடியாக முடித்தால் எல்லோருக்கும் வெள்ளி பெல்ட் பக்கிள், முதலாவது வந்தவருக்கும் கடைசியாக வந்தவருக்கும் ஒரே பக்கிள். அதைவிட எனக்குப் பிடித்தது, முதல் பத்தில் உடல்நிலை மிகச் சிறப்பாக இருக்கிற குதிரைக்கு 1964 முதல் தனிக் கோப்பை தருகிறார்கள். பழைய ஆட்கள் முதல் பரிசைவிட அதைத்தான் பெருமையாகப் பேசுவார்கள்.

முதலில் சொன்ன 1972 சங்கத்தில் 'சிறந்த உடல்நிலை' விருதுக்கு 800 மதிப்பெண். டாக்டர் 500 வரை போடுவார். வேகத்துக்கு 200, முதலாவது வந்தவரைவிட எத்தனை நிமிடம் பிந்தினோமோ அத்தனை மதிப்பெண் குறையும். எடைக்கு 100, அதிகக் கனமான சவாரியைவிட ஒவ்வொரு இரண்டு பவுண்டு குறைவுக்கும் ஒரு மதிப்பெண் போகும். ஆகவே என்னை மாதிரித் தொப்பை உள்ளவனுக்கு இந்த ஒரு விளையாட்டில்தான் மரியாதை.

---

பாலக்கோட்டுப் பெண், இப்போது பிரான்ஸில்

இந்த இழையை வேலைக்கு நடுவில் படித்துச் சிரித்துவிட்டேன். தளி அண்ணாவின் கடைசி வரிக்கு.

இங்கே ட்ரெக் என்று ஒரு போட்டி இருக்கிறது, இங்கேயே பிறந்தது. அதில் சீக்கிரம் வந்தாலும் தண்டனை! மொத்தம் மூன்று பகுதி. முதல் பகுதி வழி கண்டுபிடிப்பது. ஓர் அறையில் உட்கார வைத்து வரைபடத்தைக் காட்டுவார்கள், 20 நிமிடத்துக்குள் பாதையை நம் படத்தில் வரைந்துகொள்ள வேண்டும். அப்புறம் கிளம்பு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேகம் சொல்வார்கள், இந்தத் துண்டு மணிக்கு 8 கிலோமீட்டர், அடுத்தது 10 என்று. சோதனைச் சாவடி எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். மரத்துக்குப் பின்னால் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சீக்கிரம் வந்தாலும் கழிப்பு, தாமதமாக வந்தாலும் கழிப்பு. இதற்கு 240 மதிப்பெண்.

இரண்டாவது பகுதிதான் என் செல்லம். 150 மீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகிய பாதை. போகும்போது முடிந்தவரை மெதுவாக கேன்டர் (ட்ராட்டைவிட வேகமான ஓட்டம்), திரும்பும்போது முடிந்தவரை வேகமாக நடை. மெதுவாக ஓட வேண்டும், வேகமாக நடக்க வேண்டும்! குதிரை நடையிலிருந்து ட்ராட்டுக்கு மாறிவிட்டால் பூஜ்யம். இரண்டுக்கும் சேர்த்து 60. மூன்றாவது தடைகள், கதவு திறப்பது, குதிரையை விட்டு இறங்கி அசையாமல் நிற்க வைப்பது, மரக்கிளைக்குக் கீழே குனிந்து போவது. அதற்கு 160.

முதல் தடவை நான் ஒரு மேட்டில் நல்ல வேகத்தில் ஏறிப் பெருமையாகச் சாவடிக்குப் போனேன். ஆறு நிமிடம் முன்னதாக வந்திருக்கிறாய் என்று மதிப்பெண்ணைக் கழித்தார்கள். நம் ஊர் பஸ் டிரைவருக்கு யாராவது இப்படிக் கழித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

---

ஸ்டெதாஸ்கோப், தேன்கனிக்கோட்டை

இதற்கு ஒன்றுவிட்ட தம்பி அமெரிக்காவில் உண்டு. போட்டிப் பாதைச் சவாரி என்பார்கள், அதற்கான சங்கம் 1961-ல் வந்தது. அதுவும் பந்தயம் இல்லை. குறைந்தபட்ச நேரம் ஒன்று, அதிகபட்ச நேரம் ஒன்று, அந்தச் சன்னலுக்குள் வந்து சேர வேண்டும். குதிரையை ஒரு கால்நடை மருத்துவரும், சவாரி செய்கிறவரை இன்னொரு நடுவரும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள்.

எனக்குப் பிடித்த விதி ஒன்று அதில் இருக்கிறது. கடைசி இரண்டு மைலில் குதிரை முன்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வழியில் நின்று மூச்சு வாங்கி நாடியை இறக்கிக்கொண்டு, சன்னல் திறக்கும் நேரம் பார்த்து வர முடியாது.

---

எருது ரசிகன், பர்கூர்

(கொஞ்ச நேரம் முடிந்துவிட்டது.) டாக்டரம்மா, இரண்டு பேர் உட்கார்ந்து மதிப்பெண் போட்டால் அது அழகிப் போட்டிதானே? நடுவருக்கு என் மாமா குதிரையைப் பிடித்திருந்தால்?

---

ஸ்டெதாஸ்கோப், தேன்கனிக்கோட்டை

நியாயமான சந்தேகம். ஆனால் ஒரு குதிரையை இன்னொரு குதிரையோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவதில்லை. ஓடுவதற்கு முன்னால் ஒரு முறை முழுப் பரிசோதனை செய்து அட்டையில் குறித்துவைப்பார்கள். இடது பின்னங்காலில் பழைய தழும்பு, முதுகில் வலி இல்லை, நடையில் குறை இல்லை, இப்படி. முடிந்ததும் அதே அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு என்ன மாறியிருக்கிறது என்றுதான் தேடுவார்கள். புறப்பட்ட குதிரையும் வந்து சேர்ந்த குதிரையும்தான் போட்டி. சேணம் அழுத்திய இடத்தில் விரலால் தடவும்போது தோல் நடுங்கினால் தெரிந்துவிடும், எந்த மாமாவின் குதிரையாக இருந்தாலும்.

இருந்தாலும் ஒத்துக்கொள்கிறேன். கடிகாரத்தோடு வாதாட முடியாது, நடுவரோடு வாதாடலாம். அதனாலேயே கூட்டம் கடிகாரத்தின் பக்கம் போகிறது.

---

தளி சாலை

இன்னொரு கிறுக்குப் போட்டியையும் சொல்லிவிடுகிறேன். 1971-ல் அமெரிக்காவில் ஆரம்பித்தது. இரண்டு ஆள், ஒரு குதிரை. ஒருவர் ஏறி முன்னால் போவார், மற்றவர் ஓடி வருவார். முன்னால் போனவர் ஒரு மரத்தில் குதிரையைக் கட்டிவிட்டு ஓடத் தொடங்குவார். பின்னால் வருகிறவர் அவிழ்த்து ஏறிக்கொள்வார். இப்படி மாறி மாறி. இதிலும் டாக்டர் சோதனை உண்டு. மூன்று பேரில் கடைசியாகக் கோட்டைத் தாண்டுகிறவரின் நேரம்தான் அணியின் நேரம். குதிரையையும் ஆளாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

---

எருது ரசிகன், பர்கூர்

அஞ்செட்டிக் காட்டில் குதிரையை மரத்தில் கட்டிவிட்டுப் போனால் அவிழ்க்க யானைதான் வரும்.

---

பாலக்கோட்டுப் பெண், இப்போது பிரான்ஸில்

மங்கோலியாவில் 2009 முதல் நடக்கிற 1000 கிலோமீட்டர் போட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கிட்டத்தட்ட 40 கிலோமீட்டருக்கு ஒரு தடவை குதிரை மாற்றுவார்கள். அடுத்த குதிரை காத்திருக்கிறது, அதனால் இதை வாட்டி எடுத்துவிடலாம் என்று நினைக்கத் தோன்றும் இல்லையா? அதற்கும் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். விட்டுவிட்டுப் போகும் குதிரையின் நாடி குறித்த நேரத்தில் இறங்காவிட்டால் சவாரி செய்தவருக்கு அபராத நேரம். குதிரை மாறினாலும் பாவம் ஆளோடு வரும்.

---

மத்திகிரிப் பெருசு

கடைசி வரி நன்றாக இருக்கிறது அம்மா.

மாந்தோப்புத் தம்பிக்கு ஒன்று. எஃப்.இ.ஐ. நட்சத்திரப் போட்டிகள் 100 கிலோமீட்டரில்தான் ஆரம்பம். 100 முதல் 119 வரை ஒரு நட்சத்திரம், 120 முதல் 139 வரை இரண்டு, 140 முதல் 160 வரை மூன்று. நீ ஓடியது அதற்கெல்லாம் கீழே, பழகுகிற தூரம். பழகுகிற தூரத்தில் குதிரையையும் சேர்த்துப் பழக்கு. ஓசூர் மேட்டில் காலையில் குளிர்ந்த காற்று இருக்கும், நாடி 15 நிமிடத்தில் இறங்கிவிடும். அதே குதிரையைத் தருமபுரி வெயிலில் ஓட்டிப் பார்.

தண்ணீர் ஊற்றினோம் என்று எழுதியிருக்கிறாய். ஊற்றிவிட்டு அப்படியே விட்டாயா, வழித்துவிட்டாயா?

---

சந்தூர் மாந்தோப்பு

ஊற்றிக்கொண்டே இருந்தோம் ஐயா. வழிக்கவில்லை.

---

ஸ்டெதாஸ்கோப், தேன்கனிக்கோட்டை

தோலில் நிற்கிற தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும். தொடர்ந்து ஊற்ற நிறையத் தண்ணீர் இருந்தால் ஊற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு வாளிதான் இருக்கிறது என்றால் ஊற்றி, வழித்து, மறுபடி ஊற்றுங்கள். கழுத்து, நெஞ்சு, கால்களின் உள்பக்கம். சுற்றி நின்று விசிலடித்த பையன்களையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கலாம். பயந்த குதிரையின் நாடி இறங்காது.

---

சந்தூர் மாந்தோப்பு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மாங்காய் லோடு வேலை.

ஸ்டெதாஸ்கோப் ஒன்று வாங்கிவிட்டேன். தினமும் காலையில் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் 12 கிலோமீட்டர், கடைசி 800 மீட்டர் இறங்கி நடை. இடது முழங்கைக்குப் பின்னால் வைத்து எண்ணுவது என் மனைவி, போனில் நேரம் பார்ப்பது நான். முதல் நாள் வந்து நின்று ஐந்தாவது நிமிடம் அவள் "104" என்றாள். எனக்குத் தலை சுற்றிவிட்டது. சேணத்தைக் கழற்றி, நிழலில் கட்டி, ஓடிப்போய் டாக்டரம்மாவுக்குத் தனிச்செய்தி அனுப்பினேன். லப் என்பதை ஒன்று, டப் என்பதை ஒன்று என்று எண்ணினீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றாள் இவள். இரண்டும் சேர்ந்து ஒரு துடிப்பாம்.

52.

கறுப்புக் குதிரைக்காரரின் நம்பரும் கிடைத்தது. ராயக்கோட்டைக்காரர்தான். அடுத்த ஞாயிறு அணைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். யார் முதலில் வருகிறோம் என்று பார்க்கப் போவதில்லை, யார் குதிரை முதலில் 64-க்கு இறங்குகிறது என்று பார்க்கப் போகிறோம். எண்ணுவது என் மனைவிதான், அவருக்கு அதில் ஆட்சேபம் இல்லையாம்.

---

எருது ரசிகன், பர்கூர்

நானும் வருகிறேன். விசில் அடிக்க மாட்டேன்.